மார்கழியில் நாகைக் காரோணம்



மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் அன்பர்கள் தில்லைக்கும் திருவுத்தரகோசமங்கைக்கும் திரள்திரளாகச் செல்வது வழக்கம். ஆடவல்லான் திருநடனத்தைத் திருவாதிரை நாளில் கண்டு தொழுவதினும் பெரிய பேறு வேறில்லை. அடியேனும் அவ்வழியிலேயே பல்லாண்டு சென்று வந்தவன். ஆயினும் இவ்விழா மேடையில் வேறொரு தலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பனிக்காலத்தில் கடற்கரை நகர் ஒன்றைச் சென்று வழிபடுவதனால் நாம் பெறும் பயன் யாது என்பதே இன்றைய பொருள். அந்நகர் நாகப்பட்டினம், தேவாரம் போற்றும் நாகைக் காரோணம்.

நாகைக்கும் நடனத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள ஏழு விடங்கத் தலங்களுள் நாகையும் ஒன்று. ஒவ்வொரு விடங்கத் தலத்திலும் பெருமான் ஆடுகின்ற நடனம் வெவ்வேறு. திருவாரூரில் வீதிவிடங்கர் அசபா நடனம்; திருநள்ளாற்றில் நகவிடங்கர் உன்மத்த நடனம்; திருமறைக்காட்டில் புவனிவிடங்கர் அன்ன நடனம். நாகையில் சுந்தரவிடங்கர் ஆடுவது பாராவாரதரங்க நடனம். பாராவாரம் என்றால் கடல். தரங்கம் என்றால் அலை. கடலில் அலை எழுந்து விழுவது போன்ற ஆடல் என்பது பொருள். கடலோரத்தில் வாழ்ந்த மக்கள் நாள்தோறும் கண்ட காட்சியையே பெருமானின் கூத்தாகக் கண்டார்கள். அந்த அலை அள்ளிக் கொடுக்கவும் கண்டார்கள். அள்ளிக்கொண்டு போகவும் கண்டார்கள்.

தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று கொடை. மற்றொன்று கோள். கொடுப்பது கொடை; கொள்வது கோள். ஊரைக் கடல் கொண்டுபோவதைக் கடல்கோள் என்றே நம் முன்னோர் வழங்கினர். நாகை நகரின் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாற்றை இவ்விரு சொற்களில் அடக்கிவிடலாம். கொடுக்க வந்தவர் பலர்; கொள்ள வந்தவர் பலர். எது நிலைத்தது என்று பார்ப்போம்.

முதலில் பருவத்தைச் சிறிது உணர வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். வடகிழக்கிலிருந்து வாடை வீசும். நாகைக் கரையில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் பெரும்பகுதி இந்நாள்களில்தான் பெய்யும். புயல்களும் பெரும்பாலும் அப்போதே கரையேறும். பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில், ஐப்பசி பிறக்குமுன்பே சோழ மண்டலக் கரையை விட்டு மாலுமிகள் விலகிவிடுவார்கள். மார்கழியும் தையும் முன்பனிப் பருவம். மழை ஓயும், வானம் தெளியும், கடலின் சீற்றம் மெல்ல அடங்கும். அதே வாடைக்காற்று அப்போது கீழைத் தீவுகளிலிருந்து நம் கரைக்குக் கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் துணைக்காற்றாகிவிடும். சீனத் துறவி இ-சிங் 7ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த குறிப்பொன்று, கடாரத்திலிருந்து கப்பலேறியவர் முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததைச் சொல்கிறது. முப்பது நாள் என்னும் இக்கணக்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இ-சிங் எழுதிய அந்நூற்றாண்டிலேயேதான் அப்பர் பெருமானும் ஆளுடைய பிள்ளையாரும் நாகையைப் பாடினர். பின்னர் வந்த நம்பியாரூரரும் பாடினார். அப்பர் நான்கு, சம்பந்தர் இரண்டு, சுந்தரர் ஒன்று என ஏழு திருப்பதிகங்கள் இத்தலத்துக்கு உண்டு. காரோணம் என்பது காயாரோகணம் என்பதன் திரிபு. புண்டரீக முனிவரைப் பெருமான் அவர் உடம்போடு தழுவி ஏற்றருளியதால் இப்பெயர் என்பது தலபுராணம். கூர்ச்சர நாட்டில் இலகுலீசர் தோன்றிய காயாவரோகணத்தின் பெயரோடு இதனை ஆராய்ச்சியாளர் இணைத்துக் காண்பர். அங்ஙனமாயின் மேலைக் கடற்பக்கத்துப் பாசுபதநெறி கீழைக் கடற்கரையில் வேரூன்றிய வரலாறு இப்பெயரில் அடங்கியிருக்கிறது. ஊர்ப்பெயரிலேயே ஒரு நெடும்பயணம் இருக்கிறது என்க.

இனி, கொடுக்க வந்தவர்களைப் பார்ப்போம். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட முதலாம் இராசராசன் தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அப்போது ஸ்ரீவிசய நாட்டு அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை நிறைவேற்றினான். இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், அவ்விகாரத்துக்கு நாகைக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதன் வருவாய் 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல். சிவனுக்குக் கற்றளி எடுத்த கை, புத்தர் பள்ளிக்கும் நெல்லளந்தது.

அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்குமுன் இராசராசன் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரன் தந்தையின் சொல்லை நிலைபெறச் செய்தான். அதே காலத்தில் ஸ்ரீவிசய அரசனின் ஆட்கள் நம் காரோணத்துக் கோயிலுக்கு அணிகலனும் விளக்கும் பொன்னும் அளித்தார்கள். இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுக்கள் இக்கோயிலில் அதனைச் சொல்கின்றன. ஒரு கல்வெட்டு அப்பொன்னைச் சீனக்கனகம் என்றே குறிக்கிறது. கடல் கடந்த பௌத்த மன்னன் சிவனுக்கு விளக்கேற்ற, சிவநெறிச் சோழன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுக்க, நாகை அன்று நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பின் நிகழ்ந்தது நெஞ்சை நெருடும் செய்தி. 1025இல் அதே இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிசயத்தின் மீது பாய்ந்தது. கடாரம் வீழ்ந்தது, அரசன் சிறைப்பட்டான், அவன் செல்வம் கொள்ளப்பட்டது. இது கோள். கடாரங்கொண்டான் என்ற விருதுப் பெயரிலேயே 'கொண்டான்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஆனைமங்கலத்துக் கொடை என்னவாயிற்று? போர் அதனைத் தொடவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசனின் தூதர் வந்து வேண்ட, அப்பள்ளிக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கிப் புதிய செப்பேடு அளித்தான் அம்மன்னன். தந்தை கொடுத்தான், மகன் அதனைச் செப்பில் பொறித்தான், பொறித்தவனே போருக்கும் போனான், போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டு கழித்து மற்றொரு மன்னன் அதே கொடையைப் புதுப்பித்தான். கொண்டதை இன்று விருதுப் பெயரில் மட்டும் காண்கிறோம். கொடுத்ததோ வழிவழியாக நெல்லாக விளைந்தது.

அடுத்து வந்தவர்கள் கொள்ள வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் நாகையில் கால்கொண்டனர். 1658இல் டச்சுக்காரர் அவர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றினர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தம் தலைமையிடத்தையே நாகைக்கு மாற்றினர். 1781ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அடைமழைக்கு நடுவே, ஆங்கிலேயர் கோட்டையை முற்றுகையிட்டு அவர்களிடமிருந்து பறித்தனர்.

இவர்கள் கொண்டது துணியும் மிளகும் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1659 முதல் 1661 வரை இக்கரையில் பஞ்சமும் போரும் சூழ்ந்திருந்தன. அப்போது சோழ மண்டலக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 வரையிலான மக்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கி, இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது என்று வரலாற்றாசிரியர் கணித்திருக்கின்றனர். சோழநாடு சோறுடைத்து என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்நாட்டு மக்கள் ஒரு பிடி சோற்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்ற துறை இது. பிற்காலத்தில், 1861இல் தஞ்சையையும் நாகையையும் இணைக்கும் இருப்புப்பாதை வந்தது. அப்பாதை வழியே வந்து இத்துறையில் கப்பலேறி, மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோர் பல்லாயிரவர். திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர். கப்பல் புறப்படுமுன் நீலாயதாட்சி சந்நிதியில் திருநீறு வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

விகாரம் என்னவாயிற்று? சீனக் கோபுரம் என்று மக்கள் வழங்கிய செங்கற் கோபுரம் ஒன்று நாகைக் கடற்கரையில் நெடுங்காலம் நின்றது. கப்பலில் வருவோர்க்கு அது அடையாளமாய் இருந்தது. 1846இல் சர் வால்டர் எலியட் அதனை மூன்று நிலைகளோடு கண்டார். 1867இல், அவ்விடத்தில் கட்டடம் எழுப்ப விரும்பிய கிறித்தவத் துறவியர் கேட்டுக்கொள்ள, ஆங்கில அரசு இசைவளித்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து 1856 முதல் ஏறத்தாழ 350 புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இராசராசனின் ஆனைமங்கலச் செப்பேடுகளோ, டச்சுக்காரர் வழியே கடல் கடந்து, நெதர்லாந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அதனால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரே நிலைத்தது. கட்டடம் போயிற்று, ஏடும் ஊர்விட்டுப் போயிற்று. ஆனால் அவ்வேட்டைப் படிப்பவர் எந்நாட்டவராயினும் அவர் முதலில் அறிவது, ஒரு சைவ மன்னன் பிற சமயத்தார்க்கு ஊர் கொடுத்தான் என்ற செய்தியையே.

மன்னர் கதை இவ்வளவில் நிற்க. நாகையின் பெருங்கொடை அரசன் கையால் நிகழ்ந்ததன்று. அது ஒரு மீனவர் கையால் நிகழ்ந்தது. அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் பரதவர் குடியிருப்பின் தலைவர். வலையில் படும் மீன்களுள் ஒன்றைக் கூத்தப்பிரானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நோன்பு. ஒருகால் வலையில் நாள்தோறும் ஒரே ஒரு மீன்தான் பட்டது. அந்த ஒன்றையும் அவர் விட்டார். செல்வம் சுருங்கிற்று, சுற்றம் பசித்தது, தாமும் உணவின்றி வாடினார். நோன்பில் தளரவில்லை. இறுதியில் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற மீன் ஒன்று வலையில் பட்டது. அன்றும் அது ஒன்றுதான். அதனையும் அவர் கடலில் விட்டார். பெருமான் விடைமேல் தோன்றி அருளினார். சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்லி முடித்துவிடுகிறார்.

இவ்விடத்தில் அடியேன் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றை இளமை முதல் மேடைகளில் சொல்லி வந்தவன் நான். பொன்மீன் வரும் கட்டத்தை விரித்து விரித்துச் சொல்வேன். கேட்போர் முகம் மலரும். பசித்த நாள்களை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுவேன். பக்திக்குப் பரிசாகப் பொன் வரும் என்று கேட்போர் எண்ணிக்கொள்ளுமாறு பேசினேன் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அதனை விளங்கவைத்ததும் நாகையே.

அடியேன் முதன்முதலில் நாகை கண்டது 1977ஆம் ஆண்டு மார்கழியில். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் பெரும்புயல் ஒன்று நாகைக் கரையைத் தாக்கியிருந்தது. தேவாரம் ஓதப் பழகிக்கொண்டிருந்த பதினாறு வயதுச் சிறுவனாக, என் ஆசிரியரோடு சென்றேன். வழியெங்கும் வேரோடு சாய்ந்த தென்னைகள். கூரை இழந்த சுவர்கள். கோயிலில் விடியற்காலைப் பூசை மட்டும் வழுவாமல் நடந்தது. குளிரில் பல் கிட்ட, ஈரத் துண்டோடு நின்று அப்பர் பதிகம் ஒன்றை ஓதினோம். ஆசிரியர் வெளியே வந்ததும், "ஓதியது கடலுக்குக் கேட்டிருக்கும்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை சென்றது 2005ஆம் ஆண்டு தை மாதத்தில். அதற்கு முந்திய 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முழுமதி நாள். திருவாதிரையை ஒட்டிய நாள். அன்று காலை சுமத்திராத் தீவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. முற்காலத்தில் ஸ்ரீவிசயக் கப்பல்கள் எத்திசையிலிருந்து வந்தனவோ அத்திசையிலிருந்துதான் அலையும் வந்தது. அன்று கடாரத்திலிருந்து கப்பல் வர முப்பது நாள் ஆயிற்று என்றேன் அல்லவா? இந்த அலை வர ஏறத்தாழ மூன்று மணி நேரமே ஆயிற்று. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் ஆகிய மீனவர் குடியிருப்புக்கள் சிதைந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் குழந்தைகள் மிகப் பலர். நாகூரில் தர்காவுக்குரிய நிலத்தில் சமயம் பாராது பலரை அடக்கம் செய்தார்கள். அந்தத் தர்காவின் 131 அடி உயரக் கோபுரத்தைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர். முன்னொரு நாளில் ஒருவர் கொடுத்த இடம் பின்னொரு நாளில் எல்லார்க்கும் இடம் கொடுத்தது.

நிவாரணக் குடில்களில் இருந்தோர்க்கு ஆறுதலாக ஏதேனும் பேசுமாறு அன்பர் சிலர் அடியேனை அழைத்துச் சென்றனர். நானும், ஊருக்குரிய வரலாறாயிற்றே என்று, அதிபத்தர் வரலாற்றைத் தொடங்கினேன். பொன்மீன் வரை வந்தேன். முன்னே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார்.

"ஐயா, அந்தச் சாமி மீனத்தான் விட்டாரு. அவரா மனசு வந்து விட்டாரு. எங்க வூட்டுப் புள்ளைய கேக்காமலே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே கடலு. இதுக்கு என்ன கதை சொல்லுவீங்க?"

அடியேனால் வாய் திறக்க முடியவில்லை. படித்த நூல்கள் பல. அந்நேரத்தில் ஒன்றும் உதவவில்லை. வினைப்பயன் என்று சொல்ல நா எழவில்லை. அவ்வாறு சொல்லாதிருக்கப் பெருமான் காத்தருளினார் என்றே இன்றும் கருதுகிறேன். பேச்சை நிறுத்தி அப்படியே அமர்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. அம்மூதாட்டி தமக்குக் கிடைத்த பொட்டலத்தைப் பிரித்தார். முதற் பிடியை எடுத்துப் பக்கத்தில் இருந்த சிறுமி ஒருத்திக்கு ஊட்டினார். பேத்தியா என்று கேட்டேன். "இல்லீங்க. அடுத்த தெருப் புள்ள. அதுக்கு யாருமில்ல" என்றார். பிறகுதான் தாம் உண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நாம் ஒன்றை இழந்தால் பறிகொடுத்தோம் என்கிறோம். தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். அதிலும் கொடுத்தல் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பறிகொடுத்தல் வேறு, கொடுத்தல் வேறு. அதிபத்தர் கொடுத்தவர். அம்மூதாட்டி பறிகொடுத்தவர். பறிகொடுத்தவரிடம் சென்று, நீ கொடுத்தாய், பெருமான் ஏற்றான் என்று சொல்வது பொய். அவர் துயரத்துக்குச் செய்யும் அவமதிப்பும் ஆகும். கடல் கொண்டதைக் கடவுளுக்கு இட்ட படையல் என்று நம் நூல்கள் எங்கும் சொல்லவில்லை. சொல்லாததை நாம் சொல்லலாகாது.

அப்படியானால் அதிபத்தர் வரலாறு சொல்வது யாது? மீண்டும் புராணத்தை எடுத்துப் பார்த்தேன். நான் விரித்துச் சொல்லி மகிழ்ந்த பொன்மீன் அவர் கையில் ஒரு நாழிகையும் தங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பொன் பெறவில்லை! கிடைத்த பொன்னையும் விட்டார். எனவே அது பரிசின் கதை அன்று. வலை நிறைந்த நாளில் ஒன்றை விடுவது எளிது. ஒன்றே வந்த நாளிலும், கடல் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்ட நாளிலும், முதற்பங்கு பிறர்க்குரியது என்ற நினைவு மாறாதிருத்தலே அந்நோன்பு. எல்லாம் பறிபோன பின்னும் கொடுக்கும் கை மட்டும் பறிபோகாமல் ஒருவரிடம் எஞ்சி நிற்கக் கூடும். அம்மூதாட்டியின் முதற் பிடிச் சோற்றில் அடியேன் கண்டது அதனையே. நுளைப்பாடியில் அதிபத்தர் மரபு அற்றுப்போகவில்லை. நான்தான் அதனை மேடையில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை சொல்லும் தகுதி அடியேனுக்கு இல்லை. ஆலகால நஞ்சு கடலிலிருந்துதான் எழுந்தது. அதனை ஏன் எழுப்பினாய் என்று தேவர் கேட்டதற்குப் பெருமான் விடை சொன்னதாக எங்கும் காணோம். அதனைத் தாமே உண்டு கண்டத்தில் நிறுத்தினார். விளக்கம் சொல்வதினும் துன்பத்தில் பங்கு கொள்வது பெரிது என்று அத்திருநீலகண்டம் நமக்குக் காட்டுகிறது. அன்று முதல் துயருற்றார் முன்னிலையில் விளக்கம் சொல்லும் வழக்கத்தை விட்டேன். முடிந்தால் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி செய்வது. இல்லையேல் பக்கத்தில் அமர்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அதன்பின் மார்கழிதோறும் இயன்றபோதெல்லாம் நாகைக்குச் சென்று வருகிறேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய ஆண்டிலும் சென்றேன். தென்னைகள் மீண்டும் சாய்ந்து கிடந்தன. பதினாறு வயதில் கண்ட அதே காட்சி. கோயிலில் அதே விடியற்பூசை. என் ஆசிரியர் சொன்ன சொல்லின் பொருள் அப்போது சிறிது விளங்கிற்று. கடல் மாறாது. அதனைப் பார்த்து ஓதுகின்ற நாம்தான் மாற வேண்டும்.

அன்பர்களே! நீங்களும் ஒரு மார்கழியில் நாகைக்குச் செல்லுங்கள். முதல்நாள் மாலையே சென்று தங்கிவிடுங்கள். வைகறையில் எழுந்து, பனி விலகுமுன் கோயிலை அடையுங்கள். காயாரோகணப் பெருமானைத் தொழுங்கள். கருந்தடங்கண்ணி என்று தமிழில் போற்றப்பெறும் நீலாயதாட்சியம்மை முன் சற்று நில்லுங்கள். கல்வெட்டுக்களைக் கண்டால், கடல் கடந்து வந்த பொன்னையும் விளக்கையும் ஒருகால் நினையுங்கள். சுந்தரவிடங்கப் பெருமானை வழிபட்டபின் ஊருக்குத் திரும்பிவிடாமல் கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்கே ஆவணி ஆயில்ய நாளில் அதிபத்தர் விழா நிகழும். மீனவர் சீர்வரிசை கொண்டுவர, படகில் சென்று பொன்மீன் விடும் காட்சி நடைபெறும். மார்கழியில் அக்கூட்டம் இராது. வலை உலர்த்துவோரும் படகு பழுதுபார்ப்போரும் இருப்பர். சூரியன் கடலிலிருந்து எழும்போது அலைகளைப் பாருங்கள். அவ்வலை விகாரத்தையும் கண்டது, கோட்டையையும் கண்டது, அடிமைக் கப்பலையும் கண்டது, இருபது நூற்றாண்டுத் துயரை ஒரே காலையில் செய்தும் போயிற்று. அதனையே பெருமானின் நடனம் என்று நம் முன்னோர் சொன்னார்கள் என்றால், அச்சமறியாமல் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள். எல்லாம் அறிந்தே சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் அரிசி களையும்போது முதற் பிடியைத் தனியே எடுத்து வையுங்கள். மாத இறுதியில் அதனைப் பசித்த ஒருவர்க்குச் சேர்த்துவிடுங்கள். அளவு பெரிதன்று. வலை நிறைந்த மாதத்திலும் எடுத்து வையுங்கள். ஒற்றை மீன் வந்த மாதத்திலும் எடுத்து வையுங்கள். இராசராசன் ஊர் கொடுத்தான். நம்மிடம் ஊர் இல்லை. ஆனால் அதிபத்தரிடமும் ஊர் இருந்ததாகப் புராணம் சொல்லவில்லை; வலையும் ஒரு மீனும்தான் இருந்தன.

கொண்டவர் பெயர்கள் கடலோடு போயின. கொடுத்தவர் பெயர் கோயிலில் நிற்கிறது. நாகைக் காரோணப் பெருமான் நமக்கும் கொடுக்கும் கையைத் தந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.